மென்பொருள் பொறியாளர் நேர்காணலில் தேர்ச்சி பெறத் தேவையான திறன்கள்: ஒரு முழுமையான வழிகாட்டி

மென்பொருள் நிறுவனங்களில் நேர்காணல் நடத்துபவர் உங்களோடு பேசி முடித்ததும் செய்யும் முதல் வேலை, ஒரு மதிப்பீட்டுக் குறிப்பை எழுதுவது. விண்ணப்பதாரர் கேள்வியை எப்படிப் புரிந்துகொண்டார், எந்தெந்த வழிகளை எடைபோட்டார், எழுதிய நிரல் சரியாக இயங்கியதா, பிழையைத் தானே கண்டுபிடித்தாரா, குறிப்புக் கொடுத்தபோது அதைப் பயன்படுத்திக்கொண்டாரா என்பவை அதில் இடம்பெறும். பல பெரிய நிறுவனங்களில் இறுதி முடிவை எடுப்பவர்களில் சிலர் உங்களைப் பார்த்தேயிருக்க மாட்டார்கள். அந்தக் குறிப்புகளைப் படித்துத்தான் அவர்கள் தீர்ப்புச் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் மனத்துக்குள் எவ்வளவு சிறந்த சிந்தனை ஓடியிருந்தாலும், அது பேச்சாகவோ நிரலாகவோ வெளியே வராவிட்டால் குறிப்பில் ஏறாது. இந்த வழிகாட்டியில் சொல்லப்படும் திறன்கள் அனைத்தும் இந்த ஓர் உண்மையை ஒட்டியே வருகின்றன.

முதல் படி: சுற்றுகளை அறிந்துகொள்ளுதல்

பெரும்பாலும் முதலில் ஆள்சேர்ப்பு அலுவலரோடு ஏறக்குறைய அரை மணி நேர உரையாடல் நடக்கும். அடுத்து, இணையவழிக் கோடிங் தேர்வோ ஒரு பொறியாளர் காணொளி வழியாக நடத்தும் கோடிங் சுற்றோ வரும். அதைத் தாண்டியவர்களுக்கு ஒரே நாளிலோ அடுத்தடுத்த நாட்களிலோ மேலும் சில சுற்றுகள் இருக்கும். அவற்றில் கோடிங், ஒரு பெரிய மென்பொருள் சேவையின் அமைப்பைத் திட்டமிடச் சொல்லும் சிஸ்டம் டிசைன், கடந்த கால அனுபவங்களைத் துருவும் நடத்தைசார் உரையாடல் ஆகியவை கலந்து வரும். புதிதாக வேலைக்கு வருபவரிடம் சிஸ்டம் டிசைன் அதிகம் கேட்கப்படுவதில்லை. அனுபவம் கூடக்கூட அதன் எடையும் கூடும்.

ஆள்சேர்ப்பு அலுவலரிடம் கேள்வி கேட்கப் பலர் தயங்குகிறார்கள், தயங்கத் தேவையில்லை. எத்தனை சுற்றுகள், எந்த மொழியில் நிரல் எழுதலாம், நிரலை இயக்கிப் பார்க்கும் வசதி உண்டா அல்லது வெறும் உரைத்தாளில் எழுத வேண்டுமா, ஏஐ உதவிக் கருவிகளுக்கு அனுமதி உண்டா என்பவற்றை முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சில நிறுவனங்கள் இப்போது ஏஐ கருவியோடு வேலை செய்யும் சுற்றுகளையே நடத்துகின்றன. அங்கே கருவி எழுதித் தரும் நிரலைப் படித்துக் குறை காணும் திறன் அளக்கப்படுகிறது. அனுமதி இல்லாத இடத்தில் மறைவாகப் பயன்படுத்துவது கண்டுபிடிக்கப்பட்டால், அத்தோடு அந்த நிறுவனத்தின் கதவு மூடிவிடும்.

ரெஸ்யூமேயைப் பற்றி ஒன்று மட்டும் சொன்னால் போதும். அதில் உள்ள ஒவ்வொரு வரியும் கேள்வியாகத் திரும்பி வரும் என்பதால், பத்து நிமிடம் விளக்கிப் பேச முடியாத எதையும் அதில் வைக்காதீர்கள்.

இரண்டாம் படி: அடிப்படைகளை உறுதியாக்குதல்

கோடிங் சுற்றுக்கான பாடத்திட்டம் பலர் அஞ்சும் அளவுக்குப் பெரியதன்று. அரே (உறுப்புகளின் வரிசை), ஸ்ட்ரிங், ஹாஷ் மேப் (ஒரு சாவியைக் கொண்டு அதற்குரிய மதிப்பை விரைவாகத் தேடித் தருவது), ஸ்டாக், கியூ, லிங்க்டு லிஸ்ட், ட்ரீ, ஹீப், கிராஃப் ஆகிய டேட்டா ஸ்ட்ரக்சர்களும் (தரவை அடுக்கி வைக்கும் முறைகளும்), பைனரி சர்ச், டூ பாயின்டர்ஸ், ஸ்லைடிங் விண்டோ, ரிகர்ஷன் (நிரலின் ஒரு பகுதி தன்னைத்தானே அழைப்பது), பேக்டிராக்கிங், பிஎஃப்எஸ் (அகலவாரித் தேடல்), டிஎஃப்எஸ் (ஆழவாரித் தேடல்), டோபாலஜிக்கல் சார்ட், டைனமிக் புரோகிராமிங் ஆகிய உத்திகளும் கைவந்தால் கேட்கப்படுவதில் பெரும்பகுதியைத் தொட்டுவிடலாம். செக்மென்ட் ட்ரீ போன்றவை போட்டி நிரலாக்கத்தில் பயன்படுபவை; சாதாரண நேர்காணலுக்குத் தயாராகும்போது அவற்றில் நேரம் செலவிடுவது, என் கருத்தில், வீண்.

பெயர்களை அறிவதைவிட, எந்த இடத்தில் எது உதவும் என்று உணர்வதே கடினம். அதற்கு உள்ளீட்டின் அளவு நல்ல தடயம். ஒரு வினாடிக்குச் சுமார் 10 கோடி எளிய செயல்கள் நடக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள். அரேயில் 1 லட்சம் உறுப்புகள் இருந்தால், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு லூப்களை ஓட்டும் நிரலுக்கு 1,000 கோடி செயல்கள் தேவைப்படும்; அது நேரத்துக்குள் முடியாது. அதே அரேயை வரிசைப்படுத்த ஏறக்குறைய 17 லட்சம் ஒப்பீடுகளே தேவை என்பதால், சார்ட் செய்து தொடங்கும் வழியை யோசிக்கலாம். மாறாக 20 உறுப்புகள்தான் என்றால், அவற்றிலிருந்து உருவாக்கக்கூடிய எல்லாத் தொகுப்புகளும் சேர்ந்து 10,48,576 மட்டுமே. அனைத்தையும் முயன்று பார்ப்பதே ஏற்கத்தக்க தீர்வாகிவிடும்.

நிரலாக்க மொழி ஒன்றே போதும். ஆனால் அந்த ஒன்றின் மூலைமுடுக்குகள் தெரிந்திருக்க வேண்டும். பைத்தானில் லிஸ்ட்டின் முன்பக்கத்திலிருந்து ஓர் உறுப்பை நீக்கினால் மற்ற எல்லா உறுப்புகளும் ஓர் இடம் நகர வேண்டியிருப்பதால், கியூ தேவைப்படும் இடத்தில், இரு முனைகளிலும் விரைவாகச் சேர்க்கவும் நீக்கவும் கூடிய டெக்கைப் பயன்படுத்த வேண்டும். அதன் ரிகர்ஷன் ஆழம் இயல்பாக 1,000 என்ற வரம்புக்கு உட்பட்டது. -7ஐ 2ஆல் முழு எண் வகுத்தல் செய்தால் பைத்தான் -4 என்றும், ஜாவாவும் சி பிளஸ் பிளஸும் -3 என்றும் விடை தரும். இவை அற்பமாகத் தோன்றலாம். ஆனால் நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது இத்தகைய பிழைகள்தான் பத்து நிமிடங்களை விழுங்குகின்றன.

எளிய அல்காரிதத்திலும் பிழை ஒளிந்திருக்கலாம் என்பதற்கு ஜாவாவின் பைனரி சர்ச்சே சான்று. கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் கூட்டி இரண்டால் வகுத்து நடு இடத்தைக் கண்டுபிடிக்கும் வரி ஒன்று ஜாவாவோடு வரும் நிலையான நூலகத்தில் இருந்தது; கூட்டுத்தொகை 2,14,74,83,647 என்ற 32 பிட் முழு எண்ணின் எல்லையைத் தாண்டும்போது எதிர்மறை எண்ணாகிவிடும் என்பதை 2006இல், ஜாவா நூலகங்களை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோஷுவா பிளாக் வெளியிட்டார். அதுவரை பல ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாமல் இருந்தது. மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லையைக் கழித்து, அதில் பாதியைக் கீழ் எல்லையோடு கூட்டினால் சிக்கல் தீரும். பைனரி சர்ச் எழுதும்போது இதை ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டு எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஒரு கோடிங் கேள்வியைக் கையாளுதல்

பொதுவாக 45 நிமிடங்கள் கிடைக்கும். அறிமுகமும் முடிவுப் பேச்சும் போக, நிரலுக்கு மிஞ்சுவது 35 நிமிடங்கள். அதை எப்படிச் செலவிடுவது என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். முழு எண்கள் கொண்ட ஓர் அரே தரப்பட்டுள்ளது. அதில் அடுத்தடுத்து வரும் உறுப்புகளின் கூட்டுத்தொகை ஓர் இலக்கு எண்ணுக்குச் சமமாக இருக்கும் துண்டுகள் எத்தனை என்று கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்வியைக் கேட்டவுடன் விசைப்பலகையைத் தொடாதீர்கள். முதலில் கேள்வியை உங்கள் சொற்களில் திரும்பச் சொல்லுங்கள். பிறகு, விடை எந்த வழியில் அமையும் என்பதை மாற்றக்கூடிய ஐயங்களை மட்டும் கேளுங்கள். இங்கே முக்கியமான ஐயம், எதிர்மறை எண்கள் வருமா என்பது. எல்லாம் நேர்மறை எண்கள் என்றால் ஸ்லைடிங் விண்டோ பொருந்தும்: கூட்டுத்தொகை இலக்கை மீறினால் இடப்பக்கத்தைச் சுருக்கலாம், குறைந்தால் வலப்பக்கத்தை நீட்டலாம். எதிர்மறை எண்கள் நுழைந்துவிட்டால், நீட்டும்போது கூட்டுத்தொகை குறையவும் கூடும் என்பதால் அந்த உத்தி முறிந்துவிடுகிறது. இந்த ஐயத்தைக் கேட்காமல் ஸ்லைடிங் விண்டோவை எழுதத் தொடங்குபவர், இருபதாவது நிமிடத்தில்தான் தவறான பாதையில் வந்ததை உணர்வார். இதைக் கேட்ட விண்ணப்பதாரரைப் பற்றியோ, வழியைத் தீர்மானிக்கும் நிபந்தனையைத் தானாகவே அடையாளம் கண்டார் என்ற நல்ல வரி அப்போதே குறிப்பில் ஏறியிருக்கும்.

அடுத்து, நேரடியான வழியைச் சொல்லுங்கள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் தொடங்கி ஒவ்வொரு முடிவு வரையும் கூட்டிப் பார்ப்பது சரியான விடையைத் தரும்; அதற்கான நேரம் உறுப்புகளின் எண்ணிக்கையின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். இதைச் சொல்வது வெட்கத்துக்குரியது என்று நினைப்பவர்கள் உண்டு. சரியான, மெதுவான தீர்வு ஒன்று கையில் இருப்பது ஒரு பிடிமானம். பின்னர் எழுதும் விரைவான தீர்வைச் சரிபார்க்கவும் அது பயன்படும்.

விரைவான வழிக்கு வருவோம். தொடக்கத்திலிருந்து ஒவ்வோர் உறுப்பு வரையிலான கூட்டுத்தொகையைக் கணக்கிட்டுக்கொண்டே போகிறோம். இப்போதைய கூட்டுத்தொகையிலிருந்து இலக்கைக் கழித்தால் வரும் எண், முன்பு எத்தனை முறை கூட்டுத்தொகையாக வந்ததோ, அத்தனை துண்டுகள் இந்த இடத்தில் முடிகின்றன. வந்த கூட்டுத்தொகைகளின் எண்ணிக்கையை ஹாஷ் மேப்பில் வைத்தால், அரேயை ஒருமுறை கடந்தாலே விடை கிடைத்துவிடும். நிரலை எழுதுவதற்கு முன் இந்த யோசனையைச் சொல்லி, நேர்காணல் நடத்துபவரின் ஒப்புதலைப் பெறுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே ஒரு குறிப்பாக எடுத்துக்கொண்டு மறுபரிசீலனை செய்யலாம்.

எழுதி முடித்ததும் பெரும்பாலானோர் செய்யாத வேலை ஒன்று இருக்கிறது: ஒரு சிறிய எடுத்துக்காட்டை எடுத்து, வரிவரியாக மாறிகளின் மதிப்பைச் சொல்லிக்கொண்டே நிரலைக் கையால் ஓட்டிப் பார்ப்பது. அரே 1, 2, 3, -3, 3 என்றும் இலக்கு 3 என்றும் கொள்வோம். கூட்டுத்தொகைகள் முறையே 1, 3, 6, 3, 6 என்று வரும். சரியான விடை 5. நிரல் தொடங்கும் முன்பே கூட்டுத்தொகை 0 ஒருமுறை வந்துவிட்டதாக ஹாஷ் மேப்பில் பதிந்திருக்க வேண்டும். அதை மறந்தால் அரேயின் தொடக்கத்திலிருந்து எழும் இரண்டு துண்டுகள் விடுபட்டு விடை 3 ஆகிவிடும். கையால் ஓட்டினால் இந்தப் பிழை இரண்டாவது உறுப்பிலேயே வெளிப்படும். பிறகு எல்லை நிலைகளுக்குச் செல்லுங்கள்: வெற்று அரே, ஒரே ஓர் உறுப்பு, மூன்று பூஜ்யங்களும் இலக்கு 0ம் கொண்ட நிலை. கடைசி நிலையில் விடை 6 வர வேண்டும்.

இறுதியில், கேட்கப்படும் வரை காத்திராமல், நேரமும் நினைவகமும் எவ்வளவு தேவைப்படுகின்றன என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: பிறர் பார்த்துக்கொண்டிருக்கச் சிந்தித்தல்

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மைக்ரோசாஃப்டுடன் இணைந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில் 48 மாணவர்கள் பங்கேற்றனர். ஒரு பகுதியினர் நேர்காணல் நடத்துபவர் முன்னிலையில் வெள்ளைப்பலகையில் சத்தமாக விளக்கியபடி தீர்க்க வேண்டும். மற்றவர்கள் அதே வகைக் கேள்வியைத் தனி அறையில் தீர்க்கலாம். முன்னிலையில் தீர்த்தவர்களின் செயல்திறன் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் அறைக்குள் தனியாக நூற்றுக்கணக்கான கேள்விகளைத் தீர்த்தவர்கள்கூட நேர்காணலில் ஏன் திணறுகிறார்கள் என்பதற்கு இது பொருத்தமான விளக்கம் தருகிறது. பயிற்சி ஒரு சூழலில், தேர்வு இன்னொரு சூழலில். இந்த முறை நியாயமானதா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. மேக் கணினியில் மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூ என்ற பெரும் புழக்கத்தில் உள்ள கருவியை உருவாக்கிய மேக்ஸ் ஹவல், பைனரி ட்ரீயைத் திருப்பிப் போடும் கேள்வியால் கூகுளில் தான் நிராகரிக்கப்பட்டதாக 2015இல் ட்விட்டரில் எழுதியது அந்த விவாதத்தைச் சூடாக்கியது. விவாதம் முடியும் வரை வேலை தேடுபவர் காத்திருக்க முடியாது.

ஆகவே பார்க்கப்படும் சூழலையே பயிற்சிக்குள் கொண்டுவர வேண்டும். தயாரிப்புக் காலத்தின் நடுப்பகுதியிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையாவது நண்பர் ஒருவரை நேர்காணல் நடத்துபவராக உட்கார வைத்து, கடிகாரத்தோடு மாதிரி நேர்காணல் செய்யுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் திரையையும் குரலையும் பதிவு செய்து, பிறகு கேட்டுப் பாருங்கள். எங்கே நீண்ட மௌனம், எங்கே சொன்னது ஒன்றும் எழுதியது வேறொன்றுமாக இருந்தது என்பவை காதில் விழும். முதன்முறை கேட்கச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

சத்தமாகச் சிந்திப்பது என்றால் ஓயாமல் பேசுவது என்று பொருள் கொள்ள வேண்டாம். யோசிக்க அமைதி தேவைப்பட்டால், ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று கூறிவிட்டு அமைதியாக இருக்கலாம். சிக்கிக்கொண்டால், எதை முயன்றோம், அது எந்த இடத்தில் உடைகிறது, இனி எதை முயலப்போகிறோம் என்று சொல்லுங்கள். அப்படிச் சொன்னால்தான் உதவ விரும்பும் நேர்காணல் நடத்துபவருக்கு எங்கே கைகொடுப்பது என்று தெரியும். அவர் தரும் குறிப்பை மறுத்து உங்கள் வழியிலேயே பிடிவாதமாகச் செல்வது, தவறான விடையைவிட அதிக சேதம் விளைவிக்கும்.

ஐந்தாம் படி: சிஸ்டம் டிசைன்

இந்தச் சுற்றில் ஒரே சரியான விடை என்று ஏதும் கிடையாது. தெளிவற்ற ஒரு தேவையை எடுத்துக்கொண்டு, அதை எல்லைப்படுத்தி, அளவிட்டு, ஒவ்வொரு முடிவுக்கும் கொடுக்கும் விலையை வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா என்பதே பார்க்கப்படுகிறது. நீண்ட இணைய முகவரியைச் சுருக்கித் தரும் சேவை ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், எந்தெந்த வசதிகள் தேவை என்று முதலில் கேளுங்கள். சுருக்கிய முகவரி காலாவதியாகுமா? எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்ற கணக்கு வேண்டுமா? நாளொன்றுக்கு எத்தனை புதிய முகவரிகள்?

நாளுக்கு 1 கோடி என்று பதில் வந்தால், ஒரு நாளின் 86,400 வினாடிகளால் வகுக்க, வினாடிக்கு ஏறக்குறைய 116 எழுதுதல்கள். ஒவ்வொரு முகவரியும் சராசரியாக 100 முறை திறக்கப்படும் என்று வைத்தால் வினாடிக்குச் சுமார் 11,600 வாசிப்புகள். ஒரு பதிவுக்கு 500 பைட் என்றால் நாளுக்கு 5 ஜிபி, ஐந்து ஆண்டுகளில் 9 டிபிக்குச் சற்று மேல். ஆங்கிலச் சிற்றெழுத்து, பேரெழுத்து, இலக்கம் ஆகிய 62 குறிகளைக் கொண்டு 7 இடங்களில் அமைக்கக்கூடிய சுருக்கங்கள் 3.5 லட்சம் கோடிக்கு மேல். ஐந்து ஆண்டுகளில் தேவைப்படுவதோ 1,825 கோடிதான். இந்த எளிய கணக்கிலிருந்தே வடிவமைப்பின் திசை தெரிந்துவிடுகிறது: எழுதுதல் குறைவு, வாசிப்பு அதிகம், ஆகவே டேட்டாபேஸுக்கு முன்னால், அடிக்கடி கேட்கப்படுவதை விரைவாகத் தரும் கேஷ் என்ற தற்காலிகச் சேமிப்பு ஒன்று அவசியம்.

இதற்குப் பிறகுதான் படம் வரைய வேண்டும். லோடு பேலன்சர் (வரும் கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்தனுப்புவது), செயலிச் சர்வர்கள், கேஷ், டேட்டாபேஸ் என்று எளிமையாகத் தொடங்கினால் போதும். பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். தேவை என்னவென்று தெரியும் முன்பே காஃப்கா (தரவு ஓட்டத்தைக் கையாளும் மென்பொருள்), மைக்ரோசர்வீஸ் (சேவையைச் சிறு தனிச் சேவைகளாகப் பிரிப்பது) என்று பெயர்களை அடுக்குகிறார்கள். ஒவ்வொரு பெட்டியைப் பற்றியும் ஏன் அது அங்கே இருக்கிறது என்று கேட்கப்படும். பதில் இல்லாத பெட்டியை வரையாமல் விடுவதே நல்லது.

ஆழமாகச் செல்லும்போது விலைகளைப் பேசுங்கள். சுருக்கத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போகும் ஒரு எண்ணியிலிருந்து உருவாக்கினால், இரண்டு முகவரிகளுக்கு ஒரே சுருக்கம் கிடைக்கும் மோதல் வராது; ஆனால் அடுத்தவரின் முகவரியை ஊகிக்க முடியும், எண்ணியைப் பல சர்வர்களுக்குப் பகிர்ந்தளிக்கவும் வேண்டும். முகவரியை ஹாஷ் செய்து (கணக்கீட்டால் ஒரு குறியீடாக மாற்றி) அதை வெட்டிப் பயன்படுத்தினால் ஊகிப்பது கடினம். ஆனால் மோதலைச் சரிபார்க்க வேண்டும். திருப்பி அனுப்பும்போது 301 என்ற நிரந்தரக் குறியீட்டைத் தந்தால் பிரவுசர் அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை நேராகப் போய்விடக்கூடும். சர்வரின் சுமை குறையும், சொடுக்குக் கணக்கு பிசகும். 302 என்ற தற்காலிகக் குறியீட்டில் நிலைமை தலைகீழ். தொடக்கத்தில் சொடுக்குக் கணக்கு வேண்டுமா என்று கேட்டது இங்கே பலன் தருகிறது.

ஆறாம் படி: நடத்தைசார் உரையாடல்

நல்ல நிரலாளர்கள் தயாரிப்பின்றிச் செல்லும் சுற்று இதுதான். சக ஊழியரோடு ஏற்பட்ட கருத்து வேறுபாடு, தோல்வியுற்ற திட்டம், தெளிவில்லாத நிலையில் எடுத்த முடிவு போன்றவை கேட்கப்படும். அமேசான் தன் 16 தலைமைப் பண்புகளைப் பொதுவெளியிலேயே வெளியிட்டு, அவற்றை ஒட்டியே கேள்விகளை அமைக்கிறது. ஸ்டார் என்று அழைக்கப்படும் முறை எங்கும் பரிந்துரைக்கப்படுகிறது: சூழல், பொறுப்பு, செயல், விளைவு என்ற வரிசையில் நிகழ்ச்சியைச் சொல்வது. முறை சரியானதே; ஆனால் பெரும்பாலோர் சூழலை விவரிப்பதிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். சூழலுக்கும் பொறுப்புக்கும் சேர்த்து நான்கைந்து வாக்கியங்கள் போதும். குழு செய்ததையும் நீங்கள் செய்ததையும் பிரித்துக் காட்டும் செயல் பகுதிக்கே பாதிக்கு மேற்பட்ட நேரம் செல்ல வேண்டும்.

உங்கள் பணி அல்லது படிப்பிலிருந்து ஆறேழு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கக் குறிப்பு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நிகழ்ச்சி பல கேள்விகளுக்குப் பொருந்தும். மனப்பாடம் செய்த நடை, அந்த முடிவுக்கு மாற்று என்ன இருந்தது என்ற முதல் துணைக் கேள்வியிலேயே கலைந்துவிடும். ஆகவே வேறு எந்த வழிகள் இருந்தன, அவற்றை ஏன் விட்டீர்கள், இன்று செய்தால் எதை மாற்றுவீர்கள் என்பவற்றையும் குறித்து வையுங்கள். கருத்து வேறுபாட்டைப் பற்றிப் பேசும்போது எதிர்த்தரப்பின் வாதத்தை அவரே ஒப்புக்கொள்ளும் வகையில் எடுத்துரைக்க முடிந்தால், உங்களோடு வேலை செய்வது எப்படியிருக்கும் என்பது கேட்பவருக்குத் தெளிவாகிவிடும்.

ஏழாம் படி: பயிற்சியை ஒழுங்குபடுத்துதல்

வேலையில் இருந்துகொண்டே தயாராகிறவருக்கு இரண்டு மூன்று மாதங்கள் நியாயமான காலம். முதல் மாதத்தில் தலைப்பு வாரியாகக் கேள்விகளைத் தீர்க்கலாம். அதன்பின் தலைப்புகளைக் கலந்துவிட வேண்டும். கேள்வி ஹீப் என்ற தலைப்பின் கீழ் இருந்தால் விடையில் பாதி ஏற்கெனவே தெரிந்துவிடுகிறது. நேர்காணலில் அப்படித் தலைப்பு போட்டு யாரும் கேட்பதில்லை.

தீர்த்த கேள்விகளின் எண்ணிக்கையைப் பெருக்குவதைவிட, தவறியவற்றின் காரணத்தைக் குறித்துவைப்பது பயனுள்ளது. கேள்வியைப் பிழையாகப் புரிந்துகொண்டதா, உத்தி தோன்றாததா, உத்தி தெரிந்தும் நிரலில் பிழை வந்ததா, நேரம் போதாததா என்று நான்கு வகையாகப் பிரித்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு: முதலாவதற்குக் கேள்வியைத் திரும்பச் சொல்லும் பழக்கம், இரண்டாவதற்குக் கலவையான கேள்விகள், மூன்றாவதற்குக் கையால் ஓட்டிப் பார்ப்பது, நான்காவதற்குக் கடிகாரம். அரை மணி நேரம் முயன்றும் வழி தெரியாவிட்டால் விளக்கத்தைப் படிக்கலாம். ஆனால் படித்ததை மூடிவிட்டு நீங்களே எழுத வேண்டும், ஒரு வாரம் கழித்து மீண்டும் வெறும் திரையிலிருந்து எழுத வேண்டும்.

எட்டாம் படி: கடைசி ஐந்து நிமிடங்களும் அதற்குப் பின்னும்

நேர்காணலின் முடிவில் உங்களுக்கு ஏதேனும் கேள்விகள் உண்டா என்று கேட்பார்கள். ஒரு மாற்றம் எழுதப்பட்டதிலிருந்து பயனரைச் சென்றடையும் வரை எவ்வளவு காலம் ஆகிறது, நள்ளிரவில் சிஸ்டம் செயலிழந்தால் யார் எழுப்பப்படுவார்கள், கடந்த ஆண்டில் குழு மாற்றிக்கொண்ட தொழில்நுட்ப முடிவு எது என்பவை வேலையின் உண்மை நிலையை வெளிக்கொணரும் கேள்விகள். சம்பளப் பேச்சை எழுத்துபூர்வமான வேலை உறுதி கிடைத்த பிறகு வைத்துக்கொள்வதே உங்களுக்குச் சாதகம். அடிப்படைச் சம்பளம், போனஸ், பங்குகள் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு ஒப்பிடுங்கள்.

முடிவு எதுவானாலும், கேட்கப்பட்டவற்றின் வகையையும் நீங்கள் தடுமாறிய இடங்களையும் அன்றே உங்கள் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு நாள் கழிந்தால் பாதி மறந்துவிடும். நிராகரிப்பு வந்தால், எந்தச் சுற்று பலவீனமாக இருந்தது என்று ஆள்சேர்ப்பு அலுவலரிடம் பணிவாகக் கேட்கலாம். பல நிறுவனங்கள் விவரம் சொல்லாது, சில சொல்லும். மீண்டும் விண்ணப்பிக்க எத்தனை மாத இடைவெளி தேவை என்பதையும் அப்போதே கேட்டு, அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.